திரேசம்மாவின் வாயும் ஊரின் வாயும்

போன மாதம் கிளிநொச்சியில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. என் உத்தியோகத்தின் கடைசிக் காலத்தில் என்னோடு வேலை செய்தவர் ஒருவரின் மகள்.

"அங்கிள், ஒருத்தர் சண்டைக்கு வந்து நிக்கிறார்" என்றாள். "ஒரு நோய் வருத்தமும் இல்லாத மனிசன். வெளிநாடு போறதுக்கு முழுச் செக்கப் செய்தவர். வாயில எடுத்த சாம்பிளில மதுவம் வளர்ந்திருந்தது. நான் கண்டதை றிப்போட்டில எழுதிப்போட்டன். இப்ப தனக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிட்டுதாம், தான் தப்பமாட்டனாம் எண்டு நிக்கிறார். நான் என்ன சொல்லுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரை இருத்தி ஒரு தேத்தண்ணி குடுத்திட்டுச் சொல்லு, அது பலபேற்ற வாயில இருக்கிற சாமான் எண்டு. உன்ர வாயிலயும் இருக்கலாம். என்ர வாயில இருக்கு, அது எனக்குத் தெரியும்."

"அதெப்பிடி அங்கிள் உங்களுக்குத் தெரியும்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையல்ல அது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதனால்தான் இது.

மதுவம் என்றால் பாண் மாவைப் பொங்க வைப்பது, கள்ளை நுரைக்க வைப்பது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு உறவுக்காரன் ஒருவன் மனிதரின் வாயில் குடியிருக்கிறான். நல்ல சுகமாக இருக்கிறவர்களின் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் சத்தம் சந்தடி இல்லாமல் இருந்துவிட்டுப் போவான். கைக்குழந்தைகளுக்கோ, நோயில் மெலிந்தவர்களுக்கோ மட்டும் சிலவேளை வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்து துன்பம் தருவான். அதைத்தான் எங்கள் சனம் அக்கரம் என்று சொல்லும். இன்றைக்கு இதைப் புத்தகத்தைத் திறந்தால் படிக்கலாம். நான் இதை வன்னியில், சனங்களின் வாயைத் திறந்து படித்தேன்.

கொழும்பில் என்ன படித்தேன் என்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. மலேரியாக் கிருமி, கொழுக்கிப்புழு முட்டை, நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபோயிட்டுக்கு இரத்தம் பார்ப்பது, இவ்வளவும் கையில் வந்ததும் ஒரு பெட்டியும் படுக்கையுமாக ரயில் ஏற்றிவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் இறங்கிய இடத்தில் காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பங்கள் குடியேற்றத் திட்டக் காணிகளில் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்துக்கொண்டிருந்த காலம். ஆசுப்பத்திரி சின்னன். ஆய்வுகூடம் அதைவிடச் சின்னன். ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி, கிருமி வளர்க்க மண்ணெண்ணெய் விளக்கில் சூடேறும் ஒரு அடைகாக்கும் பெட்டி, ஒரு நுணுக்குக்காட்டி. மின்சாரம் இல்லாததால் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பிச் சூரியனைப் பிடிக்கவேண்டும். முகில் வந்தால் எனக்கு விடுமுறை.

என் மேலதிகாரி, ஆசுப்பத்திரிக்குப் பொறுப்பான டொக்ரர், எங்கள் டி.எம்.ஓ. ஐயா. உயரமான, மெல்லிய மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு. எல்லாரையும் "ஐசே" என்றுதான் கூப்பிடுவார். நான் பார்த்து முடித்த கண்ணாடித் துண்டை என்னைக் கேட்காமலே தானும் ஒருமுறை பார்ப்பார். பார்க்குமுன் நான் வாயைத் திறக்கக்கூடாது. பார்த்து முடித்த பின்னர்தான் கேள்வி.

"ஐசே, என்ன கண்டீர்?"

"மலேரியாவாய் இருக்குமெண்டு நினைக்கிறன் ஐயா."

"நினைச்சதை நான் கேக்கேல்லை. கண்டதைச் சொல்லும். நினைச்சதைப் பிறகு சொல்லலாம், அவசரமில்லை."

முதல் இரண்டு மாதம் அவரைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன். அவர் சிரித்து நான் கண்டதில்லை. தாதிமாரோடு தேநீர் குடிக்கவும் இருக்கமாட்டார். கர்வம் பிடித்த மனிதர் என்று எல்லாரும் நினைத்தோம்.

பிள்ளைப்பேற்று வாட்டில் திரேசம்மா என்று ஒரு உதவியாளர் இருந்தார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஆசுப்பத்திரி வளவுக்குள்ளேயே ஒரு அறையில் தனிய இருந்தார். வாட்டில் பிறக்கிற குழந்தைகளைக் கழுவுவது, துடைப்பது, தாய்மார் களைத்துக் கிடந்தால் தோளில் போட்டு உலாத்துவது எல்லாம் அவர்தான். வாய் ஓயாது. ஒன்று வெற்றிலை மெல்லும், இல்லாவிட்டால் குழந்தைகளோடு கதைக்கும். "என்ர ராசா, இப்ப என்னத்துக்கு இந்தக் கூத்து?" என்று அவர் கேட்டால் எந்தக் குழந்தையும் ஒருகணம் அழுகையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்கும்.

அந்த வருட மாரி முடிந்த கையோடு வாட்டில் அக்கரம் தொடங்கியது. முதலில் ஒரு குழந்தை. பிறகு பக்கத்துக் கட்டிலில் ஒன்று. பிறகு வரிசையாக. நாக்கிலும் கன்னத்திலும் பால் திரைந்தது போல வெள்ளை. துடைத்தால் உரிந்து சிவக்கும். குழந்தை முலையைப் பிடித்துவிட்டு வீரிட்டு அழும். அதிலே ஒரு குழந்தை தர்மபுரத்து விதானையாரின் பேரன். அந்தக் காலத்தில் விதானையார் என்றால் ஊருக்கு அரசாங்கமே அவர்தான். ஆண் வாரிசு வேண்டும் என்று காத்திருந்து, மூன்று பெண்குழந்தைகளுக்குப் பிறகு கிடைத்த பேரன். அவன் பால் குடிக்காமல் மெலியத் தொடங்கினான். கண் குழிந்து, அழுகிற சத்தமும் பூனைக்குட்டி போலக் குறைந்து வந்தது.

விதானையார் வாட்டு வாசலில் நின்று சத்தம் போட்டது எனக்கு ஆய்வுகூடத்தில் கேட்டது.

"அந்தக் கரைப்பக்கத்து மனிசி வெத்திலை சப்பின வாயோட பிள்ளையளைக் கொஞ்சுறா! அவவின்ர ஊத்தை வாயாலதான் என்ர பேரன் சாகக் கிடக்கிறான். அவவை அனுப்புறியளோ இல்லை நான் மேலிடத்துக்குப் பெற்றிசம் போடவோ?"

மற்றத் தாய்மாரும் குழந்தைகளைத் திரேசம்மாவின் கையில் குடுக்கப் பயந்தார்கள். ஒரு பொழுதில் அவர் தீண்டத்தகாதவர் போல ஆகிவிட்டார். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்ரர் கெட்டவர் அல்ல, ஆனால் பயந்த சுபாவம். "ஐயா, முதல்ல அவவின்ர வாயைச் சோதிச்சுப் பாப்பம்" என்றார்.

டி.எம்.ஓ. ஐயா சம்மதித்தார். பஞ்சு சுற்றிய குச்சியோடு நான் போனேன்.

"ஆவெண்டுங்கோ அம்மா."

திரேசம்மா வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நான் ஒரு பிள்ளையையும் வாயில கொஞ்சினதில்லை. உச்சியிலதான் கொஞ்சுறனான். அதையும் எழுதுங்கோ" என்றார். பிறகு ஆவென்று திறந்தார்.

கடற்பாசிக் களியில் சீனிச்சத்துச் சேர்த்துக் காய்ச்சி, வட்டக் கண்ணாடித் தட்டில் ஊற்றி இறுகவைத்தது எங்கள் வளர்ப்புத் தட்டு. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் தருகிற கடற்பாசி இனிப்பும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே சமையல்தான். அதில் குச்சியால் இழுத்து வைத்தேன். இரண்டாம் நாள் கிறீம் நிறத்தில், வழுவழுவென்று, பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது. மூடியைத் திறந்தால் விடியப்புறம் பேக்கரிக்குள் நுழைந்த வாசம்.

மதுவத்திலும் பல இனம் உண்டு. அக்கரம் தருகிற இனமோ என்று அறிய அப்போது புதிதாக வந்திருந்த ஒரு வழியை ஐயா ஒரு சஞ்சிகையில் படித்து வைத்திருந்தார். இரத்தத்தின் தெளிநீரில் அந்தப் பொட்டில் துளியைக் கரைத்து, உடம்புச் சூட்டில் வைத்தால், அந்த இனமாக இருந்தால் முளைவிட்ட பயறு போல ஒவ்வொன்றும் ஒரு வால் நீட்டும். அன்றைக்கென்று அடைகாக்கும் பெட்டியின் விளக்கு புகைத்தது. நான் குழாயைப் பஞ்சால் அடைத்து, கையிடுக்கில், கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, கோழி போல மத்தியானம் வரைக்கும் கதிரையில் இருந்தேன். ஆசுப்பத்திரி முழுக்க வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. பிறகு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் வால் நீட்டியிருந்தன.

சிஸ்ரர் பெருமூச்சு விட்டார். "அப்ப சரி ஐயா. அவதான்."

ஐயா நுணுக்குக்காட்டியில் இருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

"ஐசே, என்ன கண்டீர்?"

"திரேசம்மான்ர வாயில மதுவம் இருக்கு ஐயா. குழந்தையளின்ர வாயில இருக்கிற அதே இனம்."

"மற்றாக்களின்ர வாயில?"

"மற்ற ஆர் ஐயா?"

"ஆரெண்டாலும். சுகமாய் நடந்து திரியிற ஆக்கள். அவையின்ர வாயை நீர் பாத்தனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப நீர் கண்டது பாதி. மற்றப் பாதியையும் கண்டிட்டு வாரும். அதுவரைக்கும் திரேசம்மாவுக்குச் சீலை தோய்க்கிற இடத்தில வேலை. ஒருத்தரும் அவவை வளவை விட்டு அனுப்பக்கூடாது."

எப்படி எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னது இன்றும் காதில் கிடக்கிறது. வளர்ந்த ஆட்கள் மட்டும். காய்ச்சல், இருமல் இருக்கக்கூடாது. மருந்து குடிக்கிறவர் வேண்டாம். காலையில் ஒன்றும் தின்னுமுன் எடு. வெற்றிலை போட்டிருந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் போ. நாக்கின் பின்பக்கம், இரண்டு கன்னம், அண்ணம், எல்லாம் ஒரே குச்சியால். ஏன் எடுக்கிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல். மாட்டேன் என்றால் விட்டுவிடு.

"பேர் எழுதாதேயும். எந்த வாய் ஆற்ற எண்டு எனக்கும் தெரியவேண்டாம், உமக்கும் தெரியவேண்டாம். எங்களுக்கு வேண்டியது ஊரின்ர வாய்."

அதிலிருந்து விடிகாலைகளில் சைக்கிளில் போவது என் வேலையாகிவிட்டது. பின் கரியரில் தகரப் பெட்டி, அதற்குள் குச்சிகள். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாட்கள் குறைவு.

வயல் கரையில் ஒரு கமக்காரர் வாயைத் திறந்துவிட்டு மூடவே இல்லை. குச்சியை எடுத்த பிறகும் ஆவென்று நின்றபடி, "பின்னுக்கு ஒரு பல்லு ஆடுது, அதையும் பிடுங்கிவிடுங்கோவன்" என்றார். வேறொருவர், "எச்சிலைக் கொண்டுபோய் எனக்கு ஏதும் செய்வினை செய்யவோ?" என்று கேட்டுவிட்டு, சிறிது யோசித்து, "எனக்குச் செய்து ஆருக்கு என்ன லாபம், எடும்" என்று திறந்தார். மாங்குளம் ரயில் நிலையத்தில் ஒரு போர்ட்டர், வண்டி வருமுன் எடுக்கவேண்டும் என்று அவசரப்படுத்திவிட்டு, குச்சி நாக்கில் பட்டதும் என் சேட்டு முழுக்கத் தும்மினார். ஆசுப்பத்திரிக்கு மீன் கொண்டுவருகிற முல்லைத்தீவு ஆட்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். "திரேசக்காவுக்காக எண்டால் வயித்தையும் கிழிச்சுப் பாருங்கோ" என்றார் ஒருவர்.

தர்மபுரத்தில் விதானையாரே என்னை மறித்தார்.

"என்ன தம்பி, ஊரெல்லாம் வாய் பாக்கிறீராம்?"

உண்மையைச் சொன்னேன்.

"அப்ப என்ர வாயிலயும் எடும். நான் வேப்பங்குச்சியில பல்லு விளக்கி, உப்புத்தண்ணியில கொப்பளிக்கிறவன். சுத்தமான வாய் எப்பிடியிருக்குமெண்டு உம்மட டொக்ரர் பாக்கட்டும்."

நான் எடுத்தேன். மற்றக் குச்சிகளோடு அதுவும் கலந்து போனது.

இதற்கிடையில் ஐயா என்னிடம் இன்னொரு வேலையும் தந்திருந்தார். வாட்டில் குழந்தைகளின் வாய்க்குக் கிட்டப் போகிற ஒவ்வொரு சாமானிலும் குச்சி தொடவேண்டும். கரண்டி, கிண்ணம், துவாய், தாதிமாரின் விரல் நகம், ஒன்றையும் விடவில்லை.

தட்டுகள் மேசையில் அடுக்கடுக்காய் நின்றன. வெயிலே போதுமாக இருந்தது, அடைகாக்கும் பெட்டி தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தேன். அறை முழுக்கப் பேக்கரி வாசம். பல தட்டுகள் வெறுமை. ஆனால் மதுவம் முளைத்த தட்டுகளும் கொஞ்சமல்ல. ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்திருந்த நான், எடுத்து எடுத்து ஒரு பக்கம் வைக்கத் தொடங்கி, மேசையில் இடம் காணாமல் நிலத்தில் வைத்தேன். அதில் ஒன்று என்னுடையது. என் தட்டில் மட்டும் நான் அடையாளம் போட்டிருந்தேன். அவ்வளவு பேரும் சோறு தின்று, வயல் உழுது, சுமை தூக்கி, சுகமாகத் திரிந்த ஆட்கள்.

அன்று பின்னேரமே விதானையார் நாலைந்து பேரோடு வந்துவிட்டார். பெற்றிசம், மேலிடத்துக்கு எழுதிய முறைப்பாட்டு மனு, சேட்டுப் பையில் இருந்தது. பேரன் இன்னும் பால் குடிக்கவில்லை, அவர் கண்ணில் நித்திரையும் இல்லை. ஐயா எல்லாரையும் ஆய்வுகூடத்துக்குள் கூப்பிட்டார். சிஸ்ரர் வந்தார். திரேசம்மா ஈரக் கையோடு கதவடியில் நின்றார்.

"இது திரேசம்மான்ர தட்டு" என்றார் ஐயா. "இது முழுக்க ஊரில சுகமாயிருக்கிற ஆக்களின்ர. வித்தியாசம் தெரியுதோ பாருங்கோ."

விதானையார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"இதில என்ர எது?"

"தெரியாது. பேர் எழுதவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்."

"என்ர வாயிலயும் இருக்கெண்டோ சொல்லுறியள்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அது நோயில்லை, ஊத்தையுமில்லை."

"டொக்ரர் ஐயா, படிச்ச நீங்கள் ஆயிரம் சொல்லுவியள். ஒரு ஊத்தை வாய்க்கு ஊரை முழுக்க ஊத்தையாக்கிறியள்."

ஐயா மேசையில் இருந்து ஒரு தட்டைத் தூக்கினார். எல்லாத் தட்டுகளிலும் அதில்தான் மதுவம் மொத்தமாக, இடைவெளி இல்லாமல் வளர்ந்திருந்தது.

"இது ஆற்ற எண்டு மட்டும் எனக்குத் தெரியும்" என்றார். "நானே எடுத்து நானே இழுத்தது. இது என்ர."

சொல்லிவிட்டு, விரலை வாய்க்குள் விட்டு, மேல்வரிசைப் பல் முழுவதையும் கழற்றி, சட்டைப்பையில் இருந்த வெள்ளைக் கைலேஞ்சியை விரித்து அதில் வைத்தார்.

அவ்வளவு நாளும் நாங்கள் கர்வம் என்று நினைத்த மூடிய வாய்க்குள் இருந்தது பொய்ப்பல். கன்னம் உள்ளே விழுந்து, அந்தப் பெரிய மனிதர் திடீரென்று எல்லாரையும் போல ஆகிவிட்டார்.

"இதுக்குக் கீழ அவைக்கு நல்ல வசதி" என்றார். சொற்கள் காற்றோடு நழுவின. "கன காலமாய் இருக்கினம். நான் சாகேல்லை. திரேசம்மாவை அனுப்பிறதெண்டால் முதல்ல என்னை அனுப்பவேணும். பெற்றிசத்தில என்ர பேரையும் சேருங்கோ."

முதலில் சிரித்தது யார் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. விதானையார்தான் என்று சிஸ்ரர் சொல்லுவார். அடக்கப் பார்த்து, முடியாமல், வயிறு குலுங்கச் சிரித்தார். ஐயாவும் சிரித்தார். பல்லில்லாத வாயை முழுக்கத் திறந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும் விதானையார் கண்ணைத் துடைத்தார். "அதுசரி ஐயா. அப்ப என்ர பேரனுக்கு எங்கயிருந்து வந்தது?"

ஐயா பல்லை மாட்டிக்கொண்டு கடைசித் தட்டை எடுத்தார். குழந்தைகளின் வாய்க்கு மருந்து பூசுகிற தூரிகையில் இருந்து நான் எடுத்தது. வாட்டுக்கு ஒரே தூரிகைதான். ஒரு குழந்தைக்குப் பூசி, கோப்பைத் தண்ணீரில் நிறுத்தி, அடுத்த குழந்தைக்குப் பூசுவது. தட்டு வெள்ளைப் படலமாய் மூடியிருந்தது.

"முதல் குழந்தைக்குத் தாயிட்டயிருந்தே வந்திருக்கும், அது சாதாரணம். மற்றக் குழந்தையளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் பிறஸ். ஒரு பிறஸ் போதுமெண்டு எழுதிக் குடுத்தது நான். பிழை என்ர."

அன்றே அந்தத் தூரிகை அடுப்புக்குள் போனது. குழந்தைக்குக் குழந்தை வேறு பஞ்சுக்குச்சி, பூசியதும் எரிக்கவேண்டும். மருந்தும் மாறியது, ஊதா நிறத்து நீர்மருந்து. பூசுகிற வேலையைத் திரேசம்மாவிடமே ஐயா குடுத்தார். முதலாவதாகத் தன் பேரனை அவர் கையில் தூக்கிக் குடுத்தவர் விதானையார். பிறகு பெற்றிசத்தைச் சுருட்டி அவர் சுருட்டுப் பற்றவைத்ததையும் நான் கண்டேன்.

ஒரு கிழமைக்கு வாட்டு பார்க்கிற காட்சியாக இருந்தது. வரிசையாகக் குழந்தைகள், எல்லாம் நாவற்பழம் தின்ற வாய். தாய்மாரின் சட்டையெல்லாம் ஊதா. பார்க்க வந்த ஒரு மாமியார் பேரப்பிள்ளையைக் கண்டு குழறி அழத் தொடங்கி, பக்கத்துக் கட்டில் குழந்தையும் அப்படித்தான் என்று கண்டதும் அடங்கினார். விதானையாரின் பேரன் மூன்றாம் நாள் முலையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. அவன் குடித்த சத்தம் வாட்டு வாசலுக்குக் கேட்டது என்று திரேசம்மா ஊர் முழுக்கச் சொன்னார்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு காலை, நல்ல வெயில், திரேசம்மா ஆய்வுகூடத்துக்கு வந்து நின்றார்.

"தம்பி, அதை எனக்கும் ஒருக்காக் காட்டுவீரோ?"

அவருடைய தட்டை நான் கழுவாமல் வைத்திருந்தேன். ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்து, சூரியனைப் பிடித்துக் குடுத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"அசையினமில்லை" என்றார்.

"அசையாது. ஆனால் உயிருள்ளதுதான்."

"முத்து மாதிரி வடிவாயெல்லோ இருக்கினம். இவை எப்பயிருந்து என்ர வாயில?"

"சொல்லேலாது அம்மா. சின்னனில இருந்தே இருந்திருக்கலாம்."

"கலியாணம் முடிக்கேக்கயும்? அவர் கடலுக்குப் போய் வராமல் விட்ட அந்த வருஷமும்?"

"இருந்திருப்பினம்."

அவர் நிமிர்ந்தார். கண்ணடியில் நுணுக்குக்காட்டி அழுத்திய வட்டம் சிவப்பாய்த் தெரிந்தது.

"அப்ப நான் முழுக்கத் தனிய இருந்த நாளெண்டு ஒண்டும் இல்லை, என்ன?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வாட்டுப் பக்கம் புதிதாய்ப் பிறந்த ஒன்று வீரிட்டது. "வாறன் ராசா, வாறன்" என்று அங்கிருந்தே குரல் குடுத்தபடி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரேசம்மா ஓடினார்.